கழகத்துக்கு முதலாளி வேண்டாம், தர்மகர்த்தா போதும்

வருடம் 25 பவுண் சந்தா கட்டி, இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் ஒன்றின் சொந்தக்காரர்களில் ஒருவனாக இருக்கிறேன். கழகத்தின் பெயர் ஏ.எஃப்.சி. விம்பிள்டன். அதன் பெரும்பான்மை உரிமை, என்னைப் போன்ற ஆயிரக்கணக்கான ரசிகர்கள் அங்கத்தவராக உள்ள 'டொன்ஸ் ட்ரஸ்ட்' என்ற அமைப்பிடம் இருக்கிறது. சந்தா மட்டும் கட்டியவருக்கும் ஒரு வாக்கு. இலட்சம் பவுண் கொடுக்க வல்லவருக்கும் ஒரு வாக்கு.

அண்மையில் என் அண்ணன் மகன் கனடாவிலிருந்து வந்திருந்தான். கணக்காளன், கெட்டிக்காரன். சாப்பாட்டு மேசையில் கிடந்த ட்ரஸ்டின் தேர்தல் கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டுக் கேட்டான்: "சித்தப்பா, காசு போடுறவன்தானே முதலாளி? அவன் வித்தால் என்ன, வேற ஊருக்குக் கொண்டுபோனால் என்ன? பிடிக்காட்டி நீங்கள் வேற ரீமைப் பாருங்கோவன்."

அன்று அவனுக்கு முழுப் பதில் சொல்ல நேரம் போதவில்லை. இந்தக் கேள்வியை அவன் மட்டும் கேட்கவில்லை. படித்தவர்கள், வியாபாரம் தெரிந்தவர்கள் பலரும் கேட்கிறார்கள். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டூட்டிங்கில் குடியேறியது 1986இல். இரவில் கடிதம் தரம்பிரிக்கும் வேலை. பக்கத்து மேசையில் நின்ற வெள்ளைக்கார நண்பர் என்னைவிட இருபது வயது மூத்தவர். ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, "ஊரில் நீ பந்தடித்தவன் என்கிறாய், வா" என்று கூட்டிக்கொண்டு போனார். எங்கள் பிள்ளையார் கோயில் இருக்கும் எஃப்ரா வீதியிலிருந்து நடந்தே போகலாம். வோண்டில் ஆற்றுக்குப் பக்கத்தில் பிளவ் லேன் மைதானம், பழைய விம்பிள்டன் கழகத்தின் வீடு. தகரக் கூரை, நின்று பார்க்கும் படிகள், காலுக்குக் கீழே ஈரச் சீமெந்து. ஊர் மைதானத்தில் சண்டை வந்தால் எல்லோரும் எல்லோருக்கும் பெயர் சொல்லிக் கத்துவோமே, அதே மாதிரி அங்கேயும் ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லிக் கத்தினார்கள். வந்து இரண்டு வருடத்தில் முதல்முறையாக, இந்த நாட்டில் எனக்குப் பழக்கமான ஒரு இடம் கிடைத்தது போல் இருந்தது.

நண்பர் அந்த ஊரிலேயே பிறந்தவர். 1889இல் பாடசாலைப் பழைய மாணவர்கள் தொடங்கிய கழகம் அது என்பார். 1963இல் அமெச்சூர் கிண்ண இறுதியாட்டத்தில் எடி ரெனல்ட்ஸ் நான்கு கோலையும் தலையாலேயே அடித்ததைக் கையால் வரைந்து காட்டுவார். 1977இல்தான் தொழில்முறை லீக்குக்குள் நுழைந்த அந்தச் சிறிய கழகம், பதினொரு வருடத்தில், 1988 மே 14ஆம் திகதி வெம்பிளியில் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கியது. லோரி சான்செஸ் தலையால் முட்டிய கோல் ஒன்று. ஜோன் ஆல்ட்ரிட்ஜின் பெனால்டியைத் தடுத்த டேவ் பெசன்டின் பாய்ச்சல் ஒன்று. வெம்பிளியில் நடந்த எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

இந்தக் கதையை வெற்றிக் கதையாக எல்லோருக்கும் தெரியும். நிலத்தின் கதையாகத் தெரிந்தவர்கள் குறைவு.

1976இல் ரொன் நோட்ஸ் என்பவர் இந்தக் கழகத்தை 2,782 பவுணுக்கு வாங்கினார். லீக்குக்குள் கொண்டுவந்தது அவர் காலம். ஆனால் 1979இலேயே மில்டன் கீன்ஸ் என்ற புதுநகரத்தில் ஒரு சிறு கழகத்தை வாங்கி, விம்பிள்டனை அங்கே கொண்டுபோகலாமா என்று பார்த்தவரும் அவர்தான். பிறகு அந்த எண்ணத்தை விட்டுவிட்டார். 1981இல் அவர் கிறிஸ்டல் பேலஸ் கழகத்துக்குப் போக, லெபனானைச் சேர்ந்த சாம் ஹமாம் பொறுப்பேற்றார்.

ஹமாமைப் பற்றி ஆட்டம் முடிந்து ஐந்து பேர் கூடினால் இன்றைக்கும் ஐந்து கருத்து வரும். ஆட்டக்காரர்களோடு தோளில் கைபோட்டுத் திரிந்தவர். கடைசிப் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கும், அங்கிருந்து வெம்பிளிக்கும் கழகம் ஏறியது அவர் கண்முன்னேதான். 1989இல் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். இறந்தவர்கள் மொத்தம் 97 பேர். அதற்குப் பிறகு வந்த டெய்லர் அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. பிளவ் லேனை அப்படி மாற்றிக் கட்ட முடியாது என்று சொல்லி, 1991 மேயில் கழகம் கிறிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு வாடகைக்குப் போனது. தற்காலிகம் என்றார்கள். 1997இல் ஹமாம் கழகத்தின் பெரும்பங்கை நோர்வே வர்த்தகர்கள் இருவருக்கு விற்றார். 1998இல் பிளவ் லேன் காணியையும் ஒரு சுப்பர் மார்க்கெட் நிறுவனத்துக்கு விற்றார்.

கழகம் ஒரு கையில், காணி இன்னொரு கையில். அன்றைக்கே கதை முடிந்துவிட்டது. எங்களுக்குத்தான் விளங்க நாலு வருடம் எடுத்தது.

2000ஆம் ஆண்டு மே 14. கிண்ணம் வென்று சரியாகப் பன்னிரண்டு வருடம். அன்று கழகம் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. அடுத்த வருடம் தலைவராக வந்த சார்ள்ஸ் கோப்பெல், 2001 ஆகஸ்டில், கழகம் சுமார் 90 கிலோமீற்றர் தள்ளியுள்ள மில்டன் கீன்ஸுக்குப் போகும் என்று அறிவித்தார். நட்டத்தில் ஓடும் கழகம் வேறு வழியில் பிழைக்காது என்பது அவர் வாதம். லீக் நிர்வாகம் முதலில் மறுத்தது. விவகாரம் மூவர் குழுவுக்குப் போனது. 2002 மே 28ஆம் திகதி, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் போகலாம் என்று தீர்ப்பு வந்தது. ரசிகர்கள் புதிதாக ஒரு கழகத்தை அந்த ஊரிலேயே தொடங்குவது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு ஏற்றதல்ல என்றும் அந்தக் குழுவின் அறிக்கை எழுதியது.

அன்றிரவு நண்பர் வேலைக்கு வந்தார். ஓய்வு பெற அவருக்குச் சில மாதங்களே இருந்தன. கடிதங்களை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்தார், ஒரு சொல் இல்லை. விடியப்புறம் தேநீர் குடிக்கும்போது மட்டும் சொன்னார்: "தோற்றால் தாங்கிக்கொள்வேன். நாற்பது வருடம் தோல்வி பார்த்தவன்தான். நாங்கள் இல்லாமல் போட்டியே நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்களே." மூன்று தலைமுறை ஒரே படியில் நின்ற குடும்பம் அது.

அந்த இரவுக்கும் என் அண்ணன் மகனின் கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. காசு போட்டவனுக்கு என்ன உரிமை, என்ன உரிமை இல்லை?

இதற்கு விடை தேட எங்கள் ஆட்கள் ஆங்கிலச் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. ஊர்க் கோயிலை நினைத்தால் போதும். தர்மகர்த்தா கோபுரம் கட்டலாம். தேர் செய்யலாம். திருவிழாவுக்குப் பெரிய மேளம் பிடிக்கலாம். தன் கைக்காசில் செய்திருந்தால் ஊர் அவருக்குக் காளாஞ்சி கொடுத்து மரியாதை செய்யும். ஆனால் 'நான் செலவழித்த கோயில்' என்று மூலஸ்தானத்தைப் பெயர்த்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக முடியாது. கோயில் காணியை வெட்டி விற்க முடியாது. விற்றால் என்ன நடக்கும் என்பதற்குச் 'சிவன் சொத்து குல நாசம்' என்று ஒரே வரியில் சொல்லி வைத்திருக்கிறார்கள். நடத்துகிற உரிமை வேறு, உடைமை உரிமை வேறு என்பது எங்கள் சனத்துக்குப் பாலோடு ஊட்டிய பாடம்.

கழகமும் அப்படித்தான். அதன் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கடையாக இருந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். மாவு விலை ஏறினால் வேறு கடையில் வாங்குவது போல, தோற்கும் கழகத்தை விட்டு யாரும் வேறு கழகத்துக்கு மாறுவதில்லை. மழையிலும், தோல்வியிலும், கடைசிப் பிரிவிலும் வந்து நிற்கிற அந்தப் பிடிவாதத்துக்குத்தான் விலை. அந்தப் பிடிவாதத்தை எந்த முதலாளியும் உண்டாக்கவில்லை. அவர் வாங்குவதற்கு முன்பே அது அங்கே இருந்தது. தான் உண்டாக்காத ஒன்றை அழிக்கும் உரிமை அவருக்கு எப்படி வரும்?

ஆகவே பழைய தலைவர்களை எடைபோட எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. எத்தனை கிண்ணம் என்று நான் கேட்பதில்லை. போகும்போது காணி யார் பேரில் இருந்தது? கழகத்தின் பெயரும் நிறமும் ஊரும் பத்திரமாக இருந்தனவா? கணக்குப் புத்தகம் அடுத்தவரிடம் எந்த நிலையில் போனது? இந்த மூன்றும்தான்.

இந்த அளவுகோலில் ஹமாமுக்கு நான் தரும் தீர்ப்பு கடினமானது. 1988ஐத் தந்த கைகளுக்கு நன்றி சொல்கிறேன், அது மறக்கக் கூடியதல்ல. ஆனால் காணி போன பிறகு கழகம் வாடகை வீட்டுக்காரனாகிவிட்டது. வாடகைக்காரனை எங்கும் எழுப்பிக்கொண்டு போகலாம். போனார்கள். மில்டன் கீன்ஸ் போவதற்கு முன்பே, 2003 ஜூனில், அந்தக் கழகம் கடன் தாளாமல் நிர்வாகிகளின் பொறுப்புக்குப் போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிழைப்பதற்காக ஊரைவிட்டுப் போகிறோம் என்ற வாதம் அதோடு விழுந்துவிட்டது.

முதலாளிகள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பிளாக்பர்னில் ஜாக் வாக்கர் இருந்தார். அந்த ஊரிலேயே இரும்பு வியாபாரம் செய்து பணக்காரரானவர். 1991இல் கழகத்தைப் பொறுப்பெடுத்து, மைதானத்தைப் புதிதாகக் கட்டி, 1995இல் பிரீமியர் லீக் கிண்ணத்தையே கொண்டுவந்தார். இவுட் பார்க் மைதானத்துக்கு வெளியே அவர் சிலை நிற்கிறது. அவருடைய காலத்துக்குப் பிறகு, 2010 நவம்பரில், புனேயைச் சேர்ந்த கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ் அதை வாங்கியது. சில வாரங்களிலேயே பயிற்சியாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். 2012 மேயில் கழகம் கீழே இறங்கியது. இறங்கிய அந்த ஆட்டத்தில் ரசிகர்கள் மைதானத்துக்குள் உயிருள்ள ஒரு கோழியை விட்டார்கள். வெங்கீஸ் குடும்பம் அந்தக் கழகத்தில் கொட்டிய பணம் கொஞ்சமல்ல என்பதும் உண்மை. பணம் இருந்தும் ஏன் கோபம்? வாக்கர் அந்த ஊர்க்காரர். புதியவர்களிடம் கேள்வி கேட்க ஊருக்கு வழி இல்லாமல் போனது. பணம் குறைந்ததால் வந்த கோபமாக அதை நான் பார்க்கவில்லை. பதில் கிடைக்காததால் வந்த கோபம் அது.

பரி என்ற ஊரில் நடந்ததைக் கேளுங்கள். 1885இல் தொடங்கிய கழகம். 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுணுக்குக் கைமாறியது. எட்டு மாதத்தில், 2019 ஆகஸ்ட் 27ஆம் திகதி, கடனைக் கட்ட வழி காட்ட முடியாமல் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. முன்னாள் பெண் இயக்குநர் ஒருவர் மைதான வாசலில் மழைநீர்க் குழாயோடு தன் கையைப் பிணைத்துக்கொண்டு நின்றார். ரசிகர்கள் துடைப்பத்தோடு வந்து, நடக்கப் போகிற ஆட்டத்துக்கென்று இருக்கைகளைத் துடைத்தார்கள். அந்த ஆட்டம் நடக்கவே இல்லை.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். 2002 மே 28 தீர்ப்பு வந்து இரண்டே நாளில் விம்பிள்டன் சமூக மண்டபத்தில் கூட்டம். புதுக் கழகம் தொடங்குவது என்று முடிவு. அதுதான் ஏ.எஃப்.சி. விம்பிள்டன். ஜூன் 29ஆம் திகதி விம்பிள்டன் பொதுத்திடலில் ஆட்டக்காரர் தேர்வு, 230 பேர் சப்பாத்தோடு வந்தார்கள். ஜூலை 10ஆம் திகதி சட்டன் கழகத்தோடு முதல் சிநேகபூர்வ ஆட்டம். 4,657 பேர் வந்தோம். 4-0 என்று தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் சனம் மைதானத்துக்குள் இறங்கி, தோற்ற பொடியளைத் தோளில் தூக்கியது. நண்பர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதே பருவத்தில் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் மிஞ்சியிருந்த பழைய கழகத்தின் சில ஆட்டங்களுக்கு ஆயிரம் பேர்கூட வரவில்லை. அடிமட்ட லீக்கில் ஆடிய எங்கள் பொடியளைப் பார்க்க ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சராசரியாக மூவாயிரம் பேர் வந்தார்கள். கழகம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு ஊர் சொன்ன பதில் அது.

ஒன்பது வருடத்தில் ஐந்து முறை மேலே ஏறி, 2011இல் லூட்டன் கழகத்தைப் பெனால்டியில் வென்று தொழில்முறை லீக்குக்குள் மீண்டும் வந்தோம். 2007இல், மில்டன் கீன்ஸ் போன கழகம் பழைய கிண்ணத்தின் பிரதியையும் வரலாற்று உரிமையையும் மேர்ட்டன் நகரசபையிடம் திருப்பி ஒப்படைத்தது. அது செய்ய வேண்டிய காரியம், செய்தார்கள், நன்றி.

ரசிகர் ஆட்சியில் எல்லாம் தேன் என்றும் நான் எழுத மாட்டேன். 2019 கடைசியில், பிளவ் லேனில் பழைய நாய் ஓட்ட மைதானம் இருந்த காணியில் புது அரங்கு பாதி எழும்பி நிற்க, சுமார் 11 மில்லியன் பவுண் குறைகிறது என்று நிர்வாகம் சொன்னது. ஒரு பங்கை வெளியாருக்கு விற்கலாமா என்ற பேச்சு எழுந்தது. ரசிகர்கள் மறித்தார்கள். 'பிளவ் லேன் பொண்ட்' என்று கடன் பத்திரம் வெளியிட்டு ஐந்து மில்லியனுக்கு மேல் திரட்டினார்கள். தனக்கு எவ்வளவு வட்டி வேண்டும் என்று கடன் கொடுப்பவரே தெரிவு செய்யலாம், அதிகபட்சம் நூற்றுக்கு நாலு. நானும் மனைவியுமாகச் சேர்த்த காசில் ஆயிரம் பவுண் போட்டோம். வட்டிக் கட்டத்தில் 'பூச்சியம்' என்று அவள்தான் எழுதினாள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை மறைத்தால் நான் எழுதிய எல்லாம் பொய்யாகும். இடையில் நாங்கள் கிங்ஸ்டனில் கிங்ஸ்மெடோ என்ற மைதானத்தில் ஆடினோம். அது கிங்ஸ்டோனியன் என்ற சிறு கழகத்தின் வீடு. அவர்களிடமிருந்து கைமாறிப் போயிருந்த உரிமையை 2003இல் நாங்கள் வாங்கினோம், அவர்கள் எங்களுக்கு வாடகைக்காரரானார்கள். புது அரங்குக்குக் காசு தேவைப்பட்டபோது கிங்ஸ்மெடோவைச் செல்சிக்கு விற்றோம். 2017இல் கிங்ஸ்டோனியன் தன் சொந்த ஊர் மைதானத்தைவிட்டு வெளியேற வேண்டி வந்தது. வீடிழந்தவர்கள் நாங்கள், இன்னொருவரின் வீடு போவதற்குக் காரணமானோம். உரிமை எங்கள் கையில் இருந்தபடியால் அந்தப் பொறுப்பும் எங்கள் கையில்தான். நான் அதற்கு வாக்களித்தவர்களில் ஒருவன்.

ஆனால் விற்கும் முன் எங்களைக் கேட்டார்கள். அதுதான் வித்தியாசம். போர்ட்ஸ்மத் கழகத்தைப் பாருங்கள். 2008இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்ற கழகம், கைமாறிக் கைமாறிக் கடனில் மூழ்கி நாலாம் பிரிவுவரை விழுந்தது. 2013இல் ரசிகர்கள் வாங்கிக் கரைசேர்த்தார்கள். 2017இல் அதே ரசிகர்கள் வாக்களித்து அமெரிக்கரான மைக்கேல் ஐஸ்னருக்கு விற்றார்கள். நான் அங்கே இருந்தால் எதிர்த்து வாக்களித்திருப்பேன். ஆனாலும் அந்த விற்பனையை மதிக்கிறேன். சொந்தக்காரர் யாரோ, அவர்களிடம் கேட்டு நடந்த விற்பனை அது.

இந்த நாடும் தாமதமாக என்றாலும் விளங்கிக்கொண்டது. 2021 ஏப்ரலில் ஆறு பெரிய கழகங்களின் முதலாளிகள் ரசிகர்களைக் கேட்காமல் ஐரோப்பிய சுப்பர் லீக் என்ற புதுப் போட்டியில் சேர்ந்தார்கள். தெருவில் சனம் இறங்க, இரண்டு நாளில் பின்வாங்கினார்கள். அதே வருடம் ட்ரேசி கிரவுச் தலைமையிலான ஆய்வு சுயாதீன ஒழுங்குமுறை ஆணையம் வேண்டும் என்றது. 2025 ஜூலையில் உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம் நிறைவேறியது. மேல் ஐந்து பிரிவுக் கழகங்களுக்கும் உரிமம் வேண்டும். வாங்க வருபவரின் பணம், தகுதி இரண்டும் சோதிக்கப்படும். மைதானத்தை விற்கவோ இடம்மாற்றவோ ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி வேண்டும். சின்னத்தையும் நிறத்தையும் ரசிகர்களின் ஆதரவு இல்லாமல் மாற்ற முடியாது. இந்தச் சட்டம் 1998இல் இருந்திருந்தால் பிளவ் லேன் காணி அப்படிப் போயிருக்காது என்று நான் நம்புகிறேன். இனி அதை அமுல்படுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆவணங்களில் கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் கோப்பை மூடிவிடும் அலுவலகமாக அந்த ஆணையம் மாறிவிடக் கூடாது.

2020 நவம்பர் 3ஆம் திகதி பிளவ் லேனில் புது அரங்கின் முதல் ஆட்டம். கொரோனா காலம், ஒரு ரசிகருக்கும் அனுமதி இல்லை. இருபத்தொன்பதரை வருடம் காத்திருந்த சனம் வீட்டில் இருந்து திரையில் பார்த்தது. நண்பர் அதைப் பார்க்க இல்லை, அதற்கு முந்திய வருடமே போய்விட்டார். அந்த நாட்களில் கழக ரசிகர்கள் சுப்பர் மார்க்கெட் வாசல்களில் நின்று, வசதியில்லாதவர்களுக்காக உணவுப் பொதி சேர்த்தார்கள். நானும் ஒரு சனிக்கிழமை நின்றேன். எங்கள் தமிழ்ப் பெண் ஒருவர் இரண்டு பக்கெற் பருப்பை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணை, இது என்ன சபை?" என்று கேட்டார். "உதைபந்தாட்டக் கழகம், தங்கச்சி" என்றேன். திரும்பிப் போய் ஒரு மா மூட்டையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

பழைய பிளவ் லேனில் இப்போது அடுக்குமாடிகள். அந்தக் குடியிருப்புக்கு ரெனல்ட்ஸ் கேட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், தலையால் நாலு கோல் அடித்தவரின் நினைவாக. புது அரங்கு அதிலிருந்து சில நூறு மீற்றர்தான். ஆட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த வாசலில் ஒரு நிமிடம் நிற்பேன்.

அண்ணன் மகனே, வேறு ரீமைப் பார் என்றாய். நாங்கள் பார்த்தோம். அதே ரீமைத் திரும்பக் கட்டினோம். காசு போடுகிறவர் வரட்டும், நடத்தட்டும், மரியாதை வாங்கட்டும். காணியும் பெயரும் ஊரின் பேரில் இருக்கட்டும். ஊரில் உள்ள விளையாட்டுக் கழகங்களுக்கு இங்கிருந்து காசு அனுப்புகிற எம்மவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். பார்வையாளர் மண்டபத்துக்குக் காசு கொடுக்கும் முன், மைதானக் காணியின் உறுதி யார் பேரில் இருக்கிறது என்று கேளுங்கள். அது கழகத்தின் பேரில் இல்லையென்றால், முதல் காசு அதை எழுதுவதற்குப் போகட்டும்.